முத்திரை இல்லாத தராசு

அருவங்காடு என்றதும் நீலகிரிக்காரர்கள் நினைப்பது கார்டைட் தொழிற்சாலையைத்தான். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் கடந்துபோகும் பள்ளத்தாக்கில் 1904 முதல் அங்கே வெடிமருந்து தயாராகிறது. வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்துப் பிசைந்து, கயிறு திரிப்பதுபோல நீள நீளமாக இழுத்தெடுக்கும் பண்டம் கார்டைட். பெயரே கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. உலகில் எங்கே நடந்தாலும் இந்தத் தொழிலில் சில ஏற்பாடுகள் மாறுவதில்லை. கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்காது. நடுவே மண்மேடு இருக்கும். ஒரு கட்டடத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. தீப்பெட்டியும் பீடியும் உள்ளே போகாது. இவை முதலாளிகளின் நல்லெண்ணத்தில் மட்டும் பிறந்த வழக்கங்கள் அல்ல. 1871 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஸ்டோமார்க்கெட் என்ற ஊரில் வெடிபஞ்சு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆலையை நடத்திய குடும்பத்தினரும் இறந்தவர்களில் அடக்கம். அந்த விபத்தின் விசாரணையைத் தொடர்ந்து 1875இல் அங்கே வெடிபொருள் சட்டம் வந்தது. 1884இல் இந்தியாவுக்கும் ஒரு வெடிபொருள் சட்டம் வந்தது.

இந்தப் பழைய கதையை இங்கே எடுப்பதற்குக் காரணம் உண்டு. தன் சரக்கு பத்திரமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை வெடிமருந்து செய்பவருக்கு இயல்பாகவே இருக்கும். தவறினால் முதலில் எரிவது அவருடைய ஆலை, அவருடைய ஆட்கள், சில சமயம் அவரே. அவ்வளவு சொந்த ஆபத்து இருந்தும், ஊருக்கும் ஆலைக்கும் நடுவே எத்தனை கஜம் இடைவெளி வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்துகொள்ளட்டும் என்று சட்டம் விட்டுவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கையிலிருக்கும் செயலிகளைச் செய்யும் நிறுவனங்களுக்கோ அந்தச் சொந்த ஆபத்துகூடக் கிடையாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நள்ளிரவில் முகம் தெரியாத ஒருவன் செய்தி அனுப்பினால் கலிபோர்னியாவில் எந்தக் கட்டடமும் இடிவதில்லை. இழப்பு முழுவதும் அந்தப் பிள்ளைக்கும் அந்த வீட்டுக்கும். அவள் கூடுதலாக விழித்திருந்த ஒரு மணி நேரத்தின் விளம்பர வருமானம் நிறுவனத்துக்கு. அப்படியிருந்தும் சுமார் முப்பது ஆண்டுகளாக, எல்லை வகுக்கும் வேலையும் அதை மீறியவற்றை எண்ணும் வேலையும் பெரும்பாலும் தொழில் நடத்துபவர்களிடமே விடப்பட்டிருக்கின்றன. சுயகட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். அது முழுக்க ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து நல்ல கருவிகள் பிறந்திருக்கின்றன. ஆனால் விதியை வகுத்தவரே கணக்கையும் எழுதும்வரை, அந்தக் கருவி எப்போது கையில் எடுக்கப்படுகிறது, எப்போது உறையில் கிடக்கிறது என்பதை வெளியார் அறிய வழியே இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பு சறுக்குவது அந்த இடத்தில்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். 1996இல் லண்டன் மாநகரக் காவல்துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளின் படங்கள் பரவும் செய்திக்குழுக்களை நீக்குங்கள், இல்லாவிட்டால் நடவடிக்கை வரும் என்பது கடிதத்தின் சாரம். அதே ஆண்டில் அந்த நிறுவனங்களே பணம் போட்டு இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. அப்போது, கண்டறியப்பட்ட இத்தகைய படங்களில் 18 விழுக்காடு பிரிட்டனில் உள்ள சர்வர்களில் இருந்தன. 2003 முதல் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹனி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ, ஒருமுறை அடையாளம் காணப்பட்ட படம் அளவு மாறி, நிறம் மாறி வேறெங்கே தலைகாட்டினாலும் பிடித்துவிடுகிறது. எந்த நாடாளுமன்றமும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. பொறியாளர்களின் திறமையும் மனசாட்சியும் கொடுத்தவை இவை. ஆனால் அந்த 1996 கடிதத்தை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது. சுயகட்டுப்பாட்டின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுக்குக்கூடப் பிறப்புச் சான்றில் காவல்துறையின் கையெழுத்து இருக்கிறது.

கருவி இருந்தால் போதுமா என்பதற்கு ஒரே ஆண்டின் கணக்கு விடை சொல்லிவிடும். அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 1984 முதல் இயங்குகிறது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் குழந்தைப் பாலியல் கொடுமைப் படத்தைக் கண்டால் அந்த மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தேடிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. தேடுவது அவரவர் விருப்பம். 2023இல் அந்த மையத்துக்கு வந்த புகார்கள் சுமார் 3.6 கோடி. ஃபேஸ்புக் மட்டும் அனுப்பியது ஏறத்தாழ 1.78 கோடி. ஆப்பிள் அனுப்பியது 267. கோடிக்கணக்கான ஐபோன்களிலும் ஐகிளவுட் கிடங்குகளிலும் ஆண்டு முழுவதும் 267 சம்பவங்கள்தான் நடந்தன என்று யாரும் நம்பப்போவதில்லை. ஒருவர் தேடுகிறார், இன்னொருவர் தேடுவதில்லை; வேறுபாடு அவ்வளவுதான். அதிகம் பிடித்தவர் கெட்டவராகவும், பார்க்காமலே இருப்பவர் சுத்தமானவராகவும் தெரியும் தலைகீழான கணக்கு இது. அந்த 3.6 கோடியில் இந்தியாவோடு தொடர்புடையவை என்று குறிக்கப்பட்டவை சுமார் 89 லட்சம். எந்த நாட்டையும்விட அதிகம். கடல் கடந்த ஒரு தன்னார்வ மையத்தின் பட்டியலில் நம் வீட்டுச் செய்தி இருக்கிறது.

அந்தப் பட்டியல் இங்கே வந்து சேரும் வழியையும் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பிறகு நிறுவனம் கண்டால் அமெரிக்க மையத்துக்கு, அங்கிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து மாநிலக் காவல்துறைக்கு என்று தகவல் வரத் தொடங்கியது. சென்னை அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 2020இல் பதிவான ஒரு வழக்கு அப்படி வந்ததுதான். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அத்தகைய படத்தைத் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பர்திவாலாவும் அமர்ந்த அமர்வில், அந்தத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. செய்தித்தாள்கள் பெரிதாகப் பேசியது அந்தப் பகுதியைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தீர்ப்பின் பின்பகுதி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி இப்படி ஒரு குற்றம் தெரிந்தவர் உள்ளூர்க் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நிறுவனங்கள் அமெரிக்க மையத்துக்குச் சொன்னதோடு கடமை முடிந்தது என்றிருந்தன. அது போதாது, இந்தியச் சட்டப்படி இங்கே தெரிவிக்காத நிறுவனம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைக் கோர முடியாது என்றது நீதிமன்றம். பிறர் பதிவிட்டதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற சலுகை, கடமையைச் செய்தவர்க்கே உரியது. போக்சோ 2012இல் வந்த சட்டம். அதிலிருந்து இதைச் சொல்ல பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வெளியிலிருந்து ஒரு கை ஓங்கினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2019இல் மூன்று வாரங்களில் பார்த்தது. ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரன், சுந்தர் ஆகியோர், டிக்டாக் செயலியைப் பதிவிறக்க முடியாதபடி தடை செய்ய மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவிட்டனர். சிறுவர், சிறுமியரை முன்பின் தெரியாதவர்கள் அணுக இந்தச் செயலி வழிவகுக்கிறது என்பது நீதிமன்றத்தின் கவலை. அமெரிக்காவில் இருப்பதுபோல் குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவரும் எண்ணம் உண்டா என்றும் அரசை அது கேட்டது. அந்த மாதத்திலேயே நிறுவனம், இந்தியப் பயனர்களின் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட காணொளிகளை விதிமீறலுக்காக நீக்கிவிட்டோம் என்று அறிவித்தது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோரைத் தடுக்க வயது கேட்கும் திரையும் வந்தது. ஏப்ரல் நடுவில் ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடையிலிருந்து செயலியை எடுத்தன. உச்ச நீதிமன்றம் தலையிட்டு விரைவில் முடிவெடுக்கச் சொன்னது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்கின்றன என்ற நிறுவனத்தின் வாக்குறுதியை ஏற்று, ஆபாசக் காணொளிகள் வந்தால் நீதிமன்ற அவமதிப்பாகும் என்ற நிபந்தனையோடு, ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது.

இந்த நிகழ்வில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். கட்டாயம் வந்ததும் நிறுவனம் அசைந்தது என்பது முதலாவது. இரண்டாவது, அசைந்ததன் அளவை யாராலும் சரிபார்க்க முடியவில்லை என்பது. 60 லட்சம் என்பது பெரிய எண்தான். ஆனால் எத்தனை கோடியில் 60 லட்சம்? அதில் சிறுவர்கள் தொடர்பானவை எத்தனை? நீக்குவதற்கு முன் எத்தனை பேர் பார்த்துவிட்டார்கள்? வயது கேட்கும் திரையில் பொய்த் தேதி போட்டு நுழைந்தவர்கள் எத்தனை பேர்? நீதிமன்றத்துக்கு அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கும் கருவியும் இல்லை, தொடர்ந்து பார்க்கும் அமைப்பும் இல்லை. அதனால் அது தடை என்ற ஒரே ஆயுதத்தை எடுத்தது, பிறகு வாக்குறுதியை நம்பி அதைக் கீழே வைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளைகளைப் பற்றிய கேள்வி விடையில்லாமலே நின்றுபோனது. அதே வயதுப் பிள்ளைகள் அதே வகைக் குறுங்காணொளிகளை வேறு செயலிகளில் பார்க்கத் தொடங்கினார்கள்.

மதுரைக் கிளை முன்மாதிரியாகச் சுட்டிய அமெரிக்கச் சட்டமே சுயகட்டுப்பாட்டுக்கு ஒரு பரிசோதனைக்கூடம். 1998இல் வந்த அந்தச் சட்டம், பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவரின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கக் கூடாது என்றது. தொழில்துறையின் சான்றளிக்கும் அமைப்புகள் அரசின் ஒப்புதலோடு நிறுவனங்களைத் தாமே சோதித்துச் சான்று தரலாம் என்ற வழியும் அதற்குள் இருந்தது. நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் ட்ரஸ்ட்-ஈ என்ற புகழ்பெற்ற சான்றளிப்பு நிறுவனம், 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை, ஆண்டுதோறும் மறுசோதனை செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யவில்லை என அமெரிக்க வணிக ஆணையம் 2014இல் குற்றம்சாட்டியது. குழந்தைகள் சட்டத்தின் கீழ் ஒப்புதல் பெற்றிருந்த இன்னொரு அமைப்பு, உறுப்பினர்களை ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்பதால் 2021இல் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. சான்றுக்குப் பணம் கொடுப்பவர் சோதிக்கப்படுபவர்தான் என்னும்போது, கண்டிப்பான சோதகர் வாடிக்கையாளரை இழப்பார். 2019 செப்டம்பரில் யூடியூப் 17 கோடி டாலர் கட்டிய வழக்கு இதைவிடத் தெளிவானது. எங்கள் தளம் பொதுப் பயனருக்கானது என்று சட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே, பொம்மை நிறுவனங்களிடம் சிறுவர்களை எட்ட எங்களைவிடச் சிறந்த இடமில்லை என்று அது விளம்பரம் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. எந்தப் பேரேட்டில் எழுதுவது என்பதை அது தேர்ந்துகொண்டது.

இன்னும் ஒரு சான்று, காலக்கணக்கு. பிரிட்டனின் தகவல் ஆணையம் சிறுவர்களுக்கான வடிவமைப்பு நெறிமுறை ஒன்றை வகுத்து, 2021 செப்டம்பர் 2க்குள் எல்லா நிறுவனங்களும் இணங்க வேண்டும் என்று கெடு வைத்தது. அந்தக் கோடையில் அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. பதின்வயதினரின் புதிய கணக்குகளை இன்ஸ்டாகிராம் தொடக்கத்திலேயே தனிப்பட்டதாக்கியது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை யூடியூப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு நிறுத்தியது. இளையோருக்கு இரவில் அறிவிப்பு மணி அடிப்பதை டிக்டாக் நிறுத்தியது. மூன்றும் எளிய மாற்றங்கள். பொறியாளர்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்தவை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் போன் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்று உணர 2021 வரை காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோர் அனுமதியின்றித் தளர்த்த முடியாத பாதுகாப்புகளோடு இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பதின்வயதினர் கணக்குகளைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு அது வந்தது 2025 பிப்ரவரியில். சட்டம் கதவைத் தட்டிய நாடுகளில் முதலில், மற்ற நாடுகளில் பிறகு. குன்னூரில் உள்ள எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு லண்டன் பெண்ணைவிட ஐந்து மாதம் குறைவான பாதுகாப்பு போதும் என்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

கட்டாயம் வந்த பிறகே பாதுகாப்பு வரும் இந்த வரிசை நீலகிரிக்குப் புதிதல்ல. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி 1893இல் தோன்றியது; குன்னூரில்தான் அதன் தலைமையகம். தொழிலாளர் நலனைத் தோட்டம்தோறும் முதலாளியின் தாராளத்துக்கு விட்டிருந்த காலம் அது. நல்ல துரை வாய்த்த தோட்டத்தில் நல்ல லயன் வீடு இருந்தது, வாய்க்காத தோட்டத்தில் இல்லை. தோட்டத் தொழிலாளரின் நிலை பற்றி டி.வி. ரேகே நடத்திய விசாரணையின் அறிக்கை 1946இல் வெளிவந்தது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. ஐம்பது அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. சட்டம் வந்த மறுநாளே எல்லாத் தோட்டத்திலும் தொட்டில் ஆடவில்லை. நடைமுறையில் குறைகள் நீண்டகாலம் இருந்தன. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை தாயின் வேண்டுகோளாக இருந்தது, அதன்பின் அவளுடைய உரிமையாயிற்று. காப்பகம் இல்லையென்றால் கேட்க ஒரு ஆய்வாளர் இருந்தார், காட்ட ஒரு பிரிவு இருந்தது. இன்று அதே மலையில் தாய் இலை பறிக்கப் போன நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போன். அந்தக் காப்பகத்துக்கு எத்தனை பிரிவுகள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

இங்கே முதல் மறுப்பு எழும்: அது பெற்றோரின் பொறுப்பல்லவா? பெற்றோருக்கு மாற்று யாரும் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நிறுவனங்கள் தரும் பெற்றோர் கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒரு தோட்டத்து வீட்டில் வைத்துப் பாருங்கள். பெற்றோரிடம் தனியாக ஒரு போன், அதில் அதே செயலியில் ஒரு கணக்கு, அமைப்புகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் நேரம் ஆகிய மூன்றும் இருப்பதாக அந்தக் கருவி எண்ணிக்கொள்கிறது. வீட்டில் இருப்பதோ பல சமயம் ஒரே போன். சிம் அப்பா பெயரில். கணக்கு தொடங்கும்போது போட்ட பிறந்த தேதியும் அப்பாவுடையது. கொரோனா காலத்தில் பள்ளி மூடியபோது பாடம் வாட்ஸப்பில் வந்ததால் அந்தப் போன் பிள்ளையின் பாடப்புத்தகமாகவும் ஆனது. அந்தச் செயலியின் கண்ணுக்கு அங்கே பிள்ளையே இல்லை. நாற்பது வயது ஆண் ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொறுப்பைப் பெற்றோரிடம் கொடுப்பதாகச் சொல்லும் ஏற்பாடு, படித்த, வசதியுள்ள, ஆளுக்கொரு போன் வைத்திருக்கும் பெற்றோருக்காகச் செய்யப்பட்டது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அதை எளிதில் தாண்டிப் போக முடியாது. அரசுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தால் அது பிள்ளைகளோடு நிற்குமா? நிற்காது என்று அஞ்சுவதற்கு நமக்குக் காரணம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கீழ், 2012இல் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர் ஒரு ட்வீட்டுக்காகக் கைதானார். உச்ச நீதிமன்றம் 2015இல் அந்தப் பிரிவையே நீக்கியது. அந்தரங்கச் செய்திகளை மறையாக்கி அனுப்பும் முறையை உடைத்தால் குற்றவாளி மட்டும் அகப்படுவதில்லை; பத்திரிகையாளரும், கணவனுக்குத் தெரியாமல் உதவி கேட்கும் பெண்ணும் அகப்படுவார்கள். ஆப்பிள் 2021 ஆகஸ்டில் போனிலேயே படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டத்தை அறிவித்தது. நாளை அரசுகள் வேறு படங்களையும் தேடச் சொல்லும் என்று நிபுணர்கள் எதிர்த்தார்கள். 2022 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. மறையாக்கப்பட்ட வெளியில் சில குற்றங்கள் கண்ணுக்குத் தப்பும் என்பது உண்மை, வருத்தத்துக்குரிய உண்மை. ஆனால் பிள்ளைக்கு நேரும் தீங்கில் பெரும்பகுதியைத் தடுக்க யாருடைய செய்தியையும் படிக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத பெரியவர் ஒரு சிறுமிக்குச் செய்தி அனுப்ப முடியுமா, அவள் படத்தை யாருக்கெல்லாம் செயலி பரிந்துரைக்கிறது, இரவில் மணி அடிக்கிறதா, முடிவில்லாமல் காணொளி உருள்கிறதா, புகார் பொத்தான் எங்கே இருக்கிறது, புகாருக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது ஆகியவை எல்லாம் கட்டட அமைப்பு. வெடிமருந்து ஆலையின் மண்மேட்டைப் பரிசோதிப்பவர் தொழிலாளியின் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதில்லை.

வயதைச் சரிபார்க்க ஆதார் கேட்பதிலும் இதே கவனம் வேண்டும். 2023இன் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், பிள்ளையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது. பின்பாதி மிக நல்லது. முன்பாதியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. நம் வீடுகளில் சம்மதம் என்ற சாவி அப்பா கையிலோ அண்ணன் கையிலோ போகும்போது, முதலில் போனை இழப்பது பெண்பிள்ளை. நீட் தேர்வுக்கு யூடியூபில் படிக்கும் பதினேழு வயதுப் பெண்ணையும் ஏழு வயதுக் குழந்தையையும் ஒரே வாசலில் நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. அதே மாதம் நம் மதுரைக் கிளையும் அத்தகைய சட்டம் பற்றி மத்திய அரசு ஆராயலாம் என்றது. அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பிள்ளையை வெளியே நிறுத்தினால் உள்ளே இருக்கும் கட்டடம் திருந்திவிடாது. பதினாறாம் பிறந்தநாளில் அவள் நுழையப்போவது அதே கட்டடத்துக்குள்தான். ஆஸ்திரேலியாவிடமிருந்து நான் கற்க விரும்புவது அதன் இணையப் பாதுகாப்பு ஆணையரின் இன்னொரு அதிகாரத்தை. நீங்கள் என்ன தேடுகிறீர்கள், எதைத் தேடுவதில்லை, எத்தனை ஆட்கள் வைத்திருக்கிறீர்கள் என்று நிறுவனங்களைக் கேள்வி கேட்டு, பதிலை அவர் ஊரறிய வெளியிடுகிறார். முறையாகப் பதில் சொல்லாத எக்ஸ் நிறுவனத்துக்கு 2023 அக்டோபரில் 6,10,500 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்.

வெளியிலிருந்து விதி வகுப்பதில் தமிழ்நாட்டுக்கும் அனுபவம் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தொழில்துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்புகள் பார்த்துக்கொள்ளும் என்று மத்திய அரசு 2023 ஏப்ரலில் விதி திருத்தியது. அந்த அமைப்புகள் செயலுக்கு வரவேயில்லை. தமிழ்நாடு தன் 2022 சட்டத்தின் கீழ் ஆணையம் அமைத்து, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் ஆடக் கூடாது, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆட்டம் கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதித்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் விதிகளைச் செல்லும் என்றது. இரவு நேரத்தைப் பூட்டுவது தொழில்நுட்பத்துக்கு முடியாத காரியம் அல்ல என்பதும், ஒரு மாநில ஆணையத்தால்கூட அதைச் செய்யவைக்க முடியும் என்பதும் அதில் தெரிந்தது.

வெளியார் பார்வை என்றாலே நம்பிக்கையின்மை என்று நிறுவனங்கள் மனம் நோகின்றன. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயி பச்சைத் தேயிலையை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து எடைபோடும் இடத்தைப் பார்த்தால் அந்த மனக்குறை தீரும். தராசு வாங்குபவருடையது. எடையைப் படிப்பதும் அவர் ஆள்தான். ஆனால் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வைத்த முத்திரை இருக்க வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த முத்திரை வாங்குபவரைத் திருடர் என்று சொல்வதில்லை. விற்பவர் கையில் வேறு தராசு இல்லை என்பதை மட்டும் அது ஒப்புக்கொள்கிறது. பிள்ளைகளைப் பற்றிய எல்லாத் தகவலும் நிறுவனத்திடம், நம்மிடம் எதுவும் இல்லை என்ற நிலையும் அதுவே. முத்திரை வைப்பவர் அரசின் கைப்பாவையாக இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் இதில் சேர்ந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமைக்கும் வாரியத்தை நியமிப்பது மத்திய அரசே என்பது அந்தச் சட்டத்தின் பலவீனம். அதை நாடாளுமன்றம் ஒருநாள் திருத்த வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட தளங்களிடம் இரண்டு கேட்கின்றன. குழந்தைப் பாலியல் கொடுமைப் படங்களைத் தானாகக் கண்டறியும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த அவை முயல வேண்டும். முயன்றதற்கு என்ன அளவுகோல் என்று விதி சொல்லவில்லை. மாதாமாதம் அறிக்கை வெளியிட வேண்டும். அதில் வந்த புகார்கள், எடுத்த நடவடிக்கை, தானியங்கிக் கருவிகளால் நீக்கியவற்றின் எண்ணிக்கை இருக்க வேண்டும். புகார் கொடுத்தவர் சிறுவரா, எந்த மொழியில் நடந்த தொல்லை, எத்தனை நாளில் தீர்ந்தது என்று விதி கேட்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி ஒரு சிறுமியை மிரட்டுபவனின் சொற்கள் இந்தக் கருவிகளுக்குப் புரிகின்றனவா என்று அந்த அறிக்கையைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பிள்ளைகளுக்கான பிரிவு நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம். இந்த மாத அறிக்கையைத் திருத்த அவ்வளவு காலம் வேண்டாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் என்று ஒரு கட்டம், மொழிக்கு ஒரு வரிசை, அவற்றைத் தணிக்கை செய்த வெளியாரின் கையெழுத்து ஆகிய மூன்றையும் சேர்க்க, விதியைத் திருத்தும் ஓர் அரசிதழ் அறிவிப்பு போதும்.